மஞ்சள் மூடி போட்ட கோக்: கோஷர் விதிகளும் குளிர்பான இனிப்பும்

மார்ச் மாதவாக்கில் நியூயார்க், நியூஜெர்சி பக்கம் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனால், கோக கோலாவின் 2 லிட்டர் பாட்டில்கள் சில மஞ்சள் மூடியோடு அடுக்கியிருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே வழக்கமான சிவப்பு மூடி பாட்டில்களும் இருக்கும். இரண்டின் லேபிளையும் திருப்பிப் படித்தால் பளிச்சென்று தெரியும் வித்தியாசம் ஒன்றுதான். சிவப்பு மூடியில் 'ஹை ஃப்ரக்டோஸ் கார்ன் சிரப்', அதாவது மக்காச்சோளப் பாகு, என்று இருக்கும் இடத்தில், மஞ்சள் மூடியில் சர்க்கரை என்று இருக்கும். மூடியின் மேல் வட்டத்துக்குள் ஒரு 'யூ', அதை ஒட்டி ஒரு 'பி'. யூதர்களின் பஸ்கா பண்டிகை முடிந்ததும் இந்த பாட்டில்கள் அலமாரியை விட்டுப் போய்விடும். யூதர்கள் மட்டும்தான் இதை வாங்குகிறார்கள் என்றில்லை. மக்காச்சோளப் பாகைவிட சர்க்கரை போட்ட கோக்தான் ருசி என்று சொல்லி, பெட்டி பெட்டியாக வாங்கி வைக்கும் மற்றவர்களும் உண்டு.

மக்காச்சோளமும் செடி, கரும்பும் செடி. இரண்டிலும் இறைச்சி இல்லை, மீன் இல்லை. அப்புறம் ஏன் யூதர்களின் கோஷர் உணவு விதிப்படி பஸ்காவுக்கு ஒன்று ஆகும், மற்றது ஆகாது?

கோஷர் எதைப் பார்க்கிறது

முதலில் ஒரு தவறான எண்ணத்தைக் கழித்துவிடலாம். ரப்பி என்ற யூத மத குரு வந்து மந்திரம் சொல்லி ஆசீர்வதித்த உணவுதான் கோஷர் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. 'கோஷர்' என்ற எபிரேயச் சொல்லுக்கு 'தகுந்தது' என்று பொருள். உணவின் மூலப்பொருள் என்ன, அதை எப்படிச் செய்தார்கள், எந்தப் பாத்திரத்தில் செய்தார்கள் என்பதுதான் கேள்வி. ரப்பியின் வேலை பூசாரி வேலை அல்ல, தணிக்கையாளர் வேலை.

அடிப்படை விதிகள் பைபிளின் லேவியராகமத்திலும் உபாகமத்திலும் வருபவை. விலங்கு என்றால் பிளந்த குளம்பும் வேண்டும், அசைபோடவும் வேண்டும். ஆடு மாடு ஆகும், பன்றி ஆகாது. மீனுக்குத் துடுப்பும் செதிலும் வேண்டும். இறால், நண்டு ஆகாது. பூச்சிகள் ஏறக்குறைய எல்லாமே விலக்கு. ஆகும் விலங்கையும் முறைப்படி அறுத்து, இரத்தத்தை வடித்திருக்க வேண்டும். இறைச்சியையும் பாலையும் சேர்த்துச் சமைக்கக் கூடாது, ஒரே வேளையில் சாப்பிடவும் கூடாது. இரண்டிலும் சேராத பண்டத்துக்கு 'பார்வே' என்று பெயர். குளிர்பானத் தொழிற்சாலை விரும்புவது இந்தப் பார்வே தகுதியைத்தான். அப்போதுதான் வாடிக்கையாளர் எந்தச் சாப்பாட்டோடும் அந்தப் பானத்தைக் குடிக்க முடியும்.

தாவரங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் இல்லை. கரும்பு, பீட்ரூட் வகை சர்க்கரைக் கிழங்கு, மக்காச்சோளம் எல்லாமே இயல்பாகவே கோஷர். அதாவது சிவப்பு மூடி கோக்கும் வருடம் முழுக்கக் கோஷர்தான். மஞ்சள் மூடி தேவைப்படுவது பஸ்காவின் எட்டு நாளுக்கு மட்டும். இஸ்ரேலில் அது ஏழு நாள்.

சைவம் என்றால் தானாகக் கோஷர் ஆகிவிடாதா என்ற கேள்வி நம்மவர்களுக்கு உடனே வரும். ஆகாது. அதேபோல் கோஷர் எல்லாம் சைவமும் ஆகாது. இரண்டு பக்கத்துக்கும் இனிப்பிலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் சில கரும்புச் சர்க்கரை ஆலைகள் சாற்றின் நிறத்தை எடுக்க மாட்டெலும்புக் கரியின் வழியே அதை வடிகட்டுகின்றன. எலும்பு சர்க்கரையில் தங்குவதில்லை, ஆனாலும் சைவக்காரர் பலருக்கு இது உறுத்தும். கோஷர் சட்டத்துக்கு உறுத்தாது. காய்ந்து கரியாகிப்போன எலும்பு உணவே அல்ல, வெறும் வடிகட்டி என்று விட்டுவிடுகிறார்கள். மறுபக்கம், 'சர்க்கரை சேர்க்காதது' என்று விற்கும் பழபானங்களில் இனிப்புக்காக வெள்ளைத் திராட்சைச் சாற்றின் அடர்கரைசலை ஊற்றுவார்கள். விலை குறைவு, தனக்கென்று தூக்கலான ருசியும் இல்லை. சுத்தமான சைவம். ஆனால் திராட்சை ரசத்துக்கும் திராட்சைச் சாற்றுக்கும் மட்டும் யூத சட்டத்தில் தனி விதி உண்டு. பிழிவதிலிருந்து கொதிக்க வைக்கும் வரை அதை யூதர்கள்தான் கையாண்டிருக்க வேண்டும். எனவே கண்காணிப்பில்லாத திராட்சை அடர்கரைசல் கலந்த மாம்பழச் சாறும் ஆகாது. லேபிளின் முன்பக்கத்தில் மாம்பழம் மட்டும்தான் சிரித்துக்கொண்டிருக்கும்.

தேன் இன்னொரு விசித்திரம். ஆகாத உயிரிலிருந்து வருவது ஆகாது என்பது பொது விதி. பன்றிப்பால் ஆகாதது அதனால்தான். தேனீ ஆகாத பூச்சி, ஆனால் தேன் ஆகும். தேனீ பூவிலிருந்து எடுத்து வந்து வைப்பதே தேன், அதன் உடலில் சுரப்பது அல்ல என்பது தல்மூத் என்ற பழைய யூத சட்ட நூல் சொல்லும் காரணம்.

ஆயிரத்தில் ஒரு பங்கு: 1935, அட்லாண்டா

கோக கோலாவின் தலைமையகம் இருக்கும் அட்லாண்டாவில் ரப்பியாக இருந்தவர் டோபியாஸ் கெஃபன், லித்துவேனியாவிலிருந்து குடியேறியவர். இந்தப் பானத்தைக் குடிக்கலாமா என்று பல ஊர்களிலிருந்து ரப்பிகள் அவருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். கம்பெனியோ தன் செய்முறையை உலகத்துக்கே மறைத்து வைத்திருந்தது. யாரிடமும் சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு கெஃபனுக்கு உட்பொருள் பட்டியலைக் காட்டினார்கள். எவ்வளவு போடுகிறார்கள் என்ற விகிதம்கூட வேண்டாம், என்னென்ன என்று மட்டும் தெரிந்தால் போதும் என்ற நிலை. அதிலேயே இரண்டு சிக்கல் கிடைத்தது.

ஒன்று கிளிசரின். அன்றைக்கு அது மாட்டுக் கொழுப்பிலிருந்து எடுத்தது. அளவு ஆயிரத்தில் ஒரு பங்குதான் என்று கம்பெனி வேதியியலாளர்கள் சொன்னார்கள். யூத சட்டத்தில் அறுபதில் ஒன்று என்று ஒரு கணக்கு உண்டு. தெரியாமல் விலக்கான பொருள் கலந்துவிட்டால், அதைப்போல் அறுபது மடங்கு நல்ல பொருள் இருக்கும் பட்சத்தில் அது அற்றுப்போனதாக எடுத்துக்கொள்வார்கள். 355 மில்லி கேன் ஒன்றில் ஏறக்குறைய 6 மில்லி வரை இந்தக் கணக்கு தாங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு என்றால் 0.4 மில்லிகூட வராது. அப்படியானால் பிரச்சினை இல்லைதானே?

இங்கேதான் புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவார்கள். அறுபதில் ஒன்று என்பது கைதவறி விழுந்ததற்கான விதி. தெரிந்தே, செய்முறையில் எழுதி வைத்து ஊற்றுவதற்கு இது செல்லாது. பால் சட்டியில் ஒரு துளி குழம்பு தெறித்தால் கணக்குப் போடலாம். தினமும் ஒரு துளி ஊற்றுவதே சமையல் குறிப்பு என்றால் கணக்குக்கு இடமில்லை. கெஃபன் இந்த இடத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனி பருத்திக்கொட்டை, தேங்காய் எண்ணெய்களிலிருந்து எடுத்த கிளிசரினுக்கு மாறியது.

இரண்டாவது சிக்கல் பஸ்காவுக்கானது. ஒரு உட்பொருளில் தானியத்தைப் புளிக்க வைத்து எடுத்த ஆல்கஹாலின் சுவடு இருந்தது. பண்டிகைக்கு முந்தைய சில வாரங்களுக்கு அதைக் கரும்பு, சர்க்கரைக் கிழங்கு வழியில் வந்ததாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். பிறகுதான் 1935-ல் கெஃபன் தன் தீர்ப்பை எழுதினார். அந்தத் தீர்ப்பிலும் ரகசியம் காக்க உட்பொருள்களுக்குப் புனைபெயர்தான் வைத்தார். இன்றைய மஞ்சள் மூடிக்கு வழிகாட்டி அந்தத் தீர்ப்புதான். ஆனால் அன்று மக்காச்சோளப் பாகு என்ற பிரச்சினையே இல்லை. அப்போது கோக்கின் இனிப்பு சர்க்கரைதான்.

இட்லி மாவு புளித்ததா, அழுகியதா?

பஸ்கா நாட்களில் விலக்கப்படுவது 'ஹமேட்ஸ்', தமிழ் பைபிள் சொல்லும் புளிப்பு. கோதுமை, பார்லி, ரை, ஓட்ஸ், ஸ்பெல்ட் என்ற கோதுமை வகை, இந்த ஐந்து தானியங்களில் ஏதாவது ஒன்றின் மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் பிசையாமல் சும்மா கிடந்தால் அது ஹமேட்ஸ். ரொட்டி, பிஸ்கட், பீர், விஸ்கி எல்லாம் அதில் அடங்கும். சாப்பிடக் கூடாது என்பதோடு நிற்காது, வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. பண்டிகை தொடங்கிவிட்டால் அறுபதில் ஒன்று கணக்கும் செல்லாது. ஒரு துளி விழுந்தாலும் அண்டா முழுவதும் போயிற்று.

அரிசியும் உளுந்தும் இந்த ஐந்தில் இல்லை. நம் இட்லி மாவு இரவெல்லாம் பொங்கி வழிந்தாலும் ஹமேட்ஸ் ஆகாது. அரிசி மாவில் நடப்பது புளிப்பு அல்ல, அழுகல்தான் என்கிறது தல்மூத். கேட்கக் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் விதி நமக்குச் சாதகம். ரவா இட்லி மட்டும் மாட்டிக்கொள்ளும், ரவை கோதுமை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மத்திய, கிழக்கு ஐரோப்பிய மரபில் வந்த அஷ்கெனாசி யூதர்களிடம் 13-ம் நூற்றாண்டு வாக்கில் ஒரு வழக்கம் எழுத்தில் வருகிறது. அரிசி, பயறு, பட்டாணி, கடுகு போன்றவற்றையும் பஸ்காவில் ஒதுக்க வேண்டும் என்பது. இவற்றுக்குக் 'கிட்னியோட்' என்று பெயர். வயலிலும் மூட்டையிலும் கோதுமை மணி கலந்துவிடும், அரைத்தால் மாவு ஒரே மாதிரி தெரியும், ஆள் ஏமாந்துபோவார் என்ற பயம். ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா, மேற்காசிய வழி வந்த செபார்டி யூதர்கள் பொதுவாக இதை ஏற்கவில்லை. பஸ்கா அன்று அவர்கள் வீட்டில் அரிசிச் சோறு இருக்கும்.

மக்காச்சோளம் ஐரோப்பாவுக்கு வந்ததே கொலம்பஸுக்குப் பிறகு. வழக்கம் பிறந்தபோது அந்தப் பயிரை அங்கே யாரும் கண்டதில்லை. ஆனாலும் அரைத்து மாவாக்கிச் சுடும் மணி என்பதால் வந்தவுடன் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அதே அமெரிக்காவிலிருந்து வந்த உருளைக்கிழங்கையும் மாவாக்கலாம், ஆனால் அது தப்பிவிட்டது. ஏழைகளின் முக்கால் சாப்பாடு அதுதான் என்ற நிலையில் அதைத் தடுக்க மனம் வரவில்லை என்றே தோன்றுகிறது.

கிட்னியோட் வழக்கம் ஹமேட்ஸ் அளவுக்குக் கடுமை இல்லை. வீட்டில் வைத்திருக்கலாம். குழந்தைக்கும் நோயாளிக்கும் கொடுக்கலாம். கைதவறிக் கலந்தால் பாதிக்குக் குறைவாக இருந்தாலே அற்றுப்போகும், அறுபது மடங்கு தேவையில்லை. 355 மில்லி கோக்கில் இனிப்பு 39 கிராம், அதாவது பத்தில் ஒன்றைத் தாண்டிக் கொஞ்சம். கணக்குப்படி பாதிக்கு எவ்வளவோ கீழே. ஆனாலும் 1935-ல் கெஃபன் காட்டிய அதே சுவர்தான் இங்கேயும் நிற்கிறது: வேண்டுமென்றே ஊற்றியதற்குக் கணக்குப் போட்டு அனுமதி வாங்க முடியாது. அமெரிக்க யூதர்களில் பெரும்பான்மை அஷ்கெனாசி என்பதால் சந்தை அவர்கள் வழக்கத்தைப் பின்பற்றுகிறது. யூத மதத்தில் மிதமான கன்சர்வேடிவ் பிரிவின் சட்டக் குழு 2015-ல் கிட்னியோட் சாப்பிடலாம் என்று தீர்ப்புச் சொன்னது. பழைய முறையை இறுக்கமாகப் பிடித்திருக்கும் ஆர்த்தடாக்ஸ் பிரிவு அதை ஏற்கவில்லை.

பாகு எப்படிப் பாகாகிறது

அமெரிக்காவில் இறக்குமதிச் சர்க்கரைக்குக் கட்டுப்பாடு வைத்து உள்நாட்டு விலையை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மக்காச்சோளமோ மலையாக விளைந்தது. 1980-ல் கோக கோலா பாதி இனிப்பு வரை பாகைப் பயன்படுத்த அனுமதித்தது. 1984-க்குள் முழுவதுமே பாகு. அதோடு அமெரிக்கக் கோக்கின் இனிப்பும் பஸ்காவுக்கு ஆகாததாகிவிட்டது.

மக்காச்சோளத்தை வெந்நீரில் ஊறவைத்து அரைத்து, தவிட்டையும் எண்ணெயையும் புரதத்தையும் பிரித்தால் ஸ்டார்ச் மிஞ்சும். ஒரு நொதி அந்த நீளமான சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். இரண்டாவது நொதி துண்டுகளைத் தனித்தனிக் குளுக்கோஸாக உதிர்க்கும். குளுக்கோஸின் இனிப்பு சர்க்கரையைவிட மட்டு. அதனால் மூன்றாவதாக ஒரு நொதியை வைத்து அதில் ஒரு பங்கை ஃப்ரக்டோஸாகத் திருப்புகிறார்கள். இப்போது 42 சதவீதம் ஃப்ரக்டோஸ் உள்ள பாகு கிடைக்கும். அதில் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்து 90 சதவீதத்துக்கு ஏற்றி, மறுபடி கலந்து 55-க்குக் கொண்டுவருவார்கள். குளிர்பானத்துக்குப் போவது இந்த 55.

சர்க்கரை என்பது என்ன? ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி. கோலாவின் புளிப்பு அமிலத்தில் அந்தக் கை மெல்ல விடுபடும். மஞ்சள் மூடி பாட்டில் கிடங்கில் சில வாரம் கிடந்தால் உள்ளே இருக்கும் சர்க்கரையில் நல்ல பங்கு குளுக்கோஸும் ஃப்ரக்டோஸுமாகப் பிரிந்திருக்கும். அதாவது ஏறக்குறைய சிவப்பு மூடிக்குள் இருப்பதேதான். இன்னும் வேடிக்கை, இனிப்பு எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று கார்பன் ஐசோடோப்பை வைத்துக் கண்டுபிடிக்கும் சோதனை ஒன்று உண்டு. தேனில் பாகு கலப்படத்தைப் பிடிப்பது அதை வைத்துத்தான். அந்தச் சோதனை கரும்புக்கும் மக்காச்சோளத்துக்கும் இடையே தடுமாறும், இரண்டும் ஒளிச்சேர்க்கையில் ஒரே வகைப் பயிர்.

நதிமூலம் ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். கோஷரில் பார்ப்பதே அதைத்தான். பாட்டிலுக்குள் இப்போது என்ன மூலக்கூறு மிதக்கிறது என்பது கேள்வியே இல்லை, அது எந்த வயலிலிருந்து எந்தக் குழாய் வழியாக வந்தது என்பதே கேள்வி. ஆய்வகத்தால் பதில் சொல்ல முடியாது. ஆலையில் ஆள் நின்று பார்த்தாக வேண்டும்.

இதே காரணத்தால் ஐரோப்பாவில் நிலைமை இன்னும் சிக்கல். அங்கே 'குளுக்கோஸ்-ஃப்ரக்டோஸ் சிரப்' என்று லேபிளில் இருந்தால் அது மக்காச்சோளமாகவும் இருக்கலாம், கோதுமையாகவும் இருக்கலாம். கோதுமை என்றால் கிட்னியோட் அல்ல, நேராக ஹமேட்ஸ் சந்தேகம். ஒவ்வாமைக்காகக் கோதுமையைத் தனித்துத் தெரியும்படி காட்ட வேண்டும் என்பது ஐரோப்பிய ஒன்றிய விதி. ஆனால் கோதுமையிலிருந்து எடுத்த குளுக்கோஸ் சிரப்புக்கு அந்த விதியிலிருந்து விலக்கு உண்டு. எனவே லேபிளைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தாலும் தெரியாது.

மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்து எடுத்த பாகு இந்தச் சண்டை எதிலும் இல்லை. அது கிழங்கு, மணி அல்ல. சேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளில் பிழிந்தெடுக்கும் அதே ஸ்டார்ச்தான்.

டயட் பானங்கள்

கலோரி இல்லாத இனிப்பூட்டிகள் செயற்கை, எனவே பிரச்சினை இல்லை என்று நினைப்பது பாதி சரி. சாக்கரின், அசிசல்ஃபேம்-கே இரண்டும் வேதியியல் ஆலையில் பிறந்தவை, தானியத்தோடு சொந்தமில்லை. சுக்ரலோஸ் சர்க்கரையில் குளோரினை ஏற்றிச் செய்வது, அதுவும் எளிது.

அஸ்பார்டேம் அப்படி அல்ல. அஸ்பார்டிக் அமிலம், ஃபீனைல்அலனைன் என்ற இரண்டு அமினோ அமிலங்களைக் கோத்துச் செய்வது அது. அந்த அமிலங்களைப் பாக்டீரியாவை வளர்த்துத் தயாரிக்கிறார்கள். பாக்டீரியாவுக்குப் போடும் தீனி பெரும்பாலும் மக்காச்சோளக் குளுக்கோஸ். அப்படியானால் அஸ்பார்டேம் கிட்னியோட்டா? மூலப்பொருள் அடையாளமே தெரியாமல் மாறிவிட்டது, எனவே ஆகும் என்று ஒரு சாரார். எத்தனை முறை மாறினாலும் வேர் மக்காச்சோளம்தானே என்று இன்னொரு சாரார். பாகு மாற்றம் போதாத பொருள், அஸ்பார்டேம் நன்றாக மாறிய பொருள் என்று கோடு போடுவதே நடைமுறையில் பல ரப்பிகள் எடுக்கும் நிலை.

சிட்ரிக் அமிலமும் இதே வரிசை. எலுமிச்சையிலிருந்து பிழிவதாக நினைக்க வேண்டாம். குளுக்கோஸிலோ கழிவுப்பாகிலோ ஒரு கரும்பூஞ்சையை வளர்த்து எடுப்பது அது. கோலாவின் முக்கியப் புளிப்பு பாஸ்பாரிக் அமிலம், கனிமத்திலிருந்து வருவது. அதனால் பஸ்காவுக்குக் கோலாவைத் தயார் செய்வதைவிட ஆரஞ்சு, எலுமிச்சைப் பானங்களைத் தயார் செய்வது கூடுதல் வேலை. ஆரஞ்சுப் பானத்தில் வேறு தொல்லைகளும் உண்டு. நிறத்துக்குப் போடும் பீட்டா கரோட்டினைச் சில சமயம் ஜெலட்டினில் பொதிந்து விற்பார்கள். எண்ணெய் மேலே மிதக்காமல் இருக்கப் போடும் மரப்பிசின் எஸ்டரில் கிளிசரின் இருக்கிறது, கெஃபன் பிடித்த அதே கிளிசரின். சிவப்புப் பானத்தில் கார்மைன் என்று கண்டால் அது பூச்சியை நசுக்கி எடுத்த நிறம், வருடம் முழுக்கவே ஆகாது.

மேசையில் காபிக்குப் போடும் இனிப்பூட்டிப் பொட்டலத்தில்தான் பலர் ஏமாறுவது. சுக்ரலோஸ் சர்க்கரையைப்போல் 600 மடங்கு இனிப்பு. ஒரு கப்புக்கு வேண்டியது சில மில்லிகிராம்தான், அதைத் தனியாகப் பொட்டலம் கட்ட முடியாது. பொட்டலத்தின் எடையில் பெரும்பகுதி டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற நிரப்பி மாவு, அமெரிக்காவில் இரண்டும் மக்காச்சோளம். இனிப்பூட்டி பஸ்காவுக்கு ஆகும், பொட்டலம் ஆகாது. ஸ்டீவியா பொட்டலத்தில் இதே வேலையை எரித்ரிட்டால் செய்யும், அது மக்காச்சோளக் குளுக்கோஸில் ஈஸ்ட்டை வளர்த்து எடுப்பது. பொடித்த ஐசிங் சர்க்கரையிலும் கட்டி சேராமல் இருக்க மக்காச்சோள மாவு கலந்திருக்கும். எதுவும் கலக்காத வெறும் வெள்ளைச் சர்க்கரைதான் தொல்லை இல்லாதது.

ஆலையில் என்ன நடக்கும்

பஸ்கா உற்பத்தி என்பது தொட்டியில் பாகுக்குப் பதில் சர்க்கரையை ஊற்றிவிடும் வேலை அல்ல. யூத சட்டப்படி பாத்திரமும் உணவை உறிஞ்சும். சூடான பண்டம் பட்டால் உடனே உறிஞ்சும். குளிர்ந்த திரவமாக இருந்தாலும் 24 மணி நேரம் தேங்கினால் சமைத்ததற்குச் சமம். குளிர்பான ஆலையில் கலவை பெரும்பாலும் குளிர்ச்சியாகத்தான் ஓடும், அதனால் ஆபத்தில்லை என்று ஆலைக்காரர்கள் சொல்வார்கள். பாகு நாள்கணக்கில் கிடக்கும் சேமிப்புத் தொட்டியை மறந்துவிடுவார்கள்.

எனவே முறை இப்படிப் போகும். கருவிகளைக் காரத் திரவத்தால் கழுவி, உள்ளே ஒட்டியிருப்பதை வாயில் வைக்க முடியாத அளவுக்குக் கெடுக்க வேண்டும். பிறகு 24 மணி நேரம் எதுவும் ஓட்டாமல் நிறுத்திவைக்க வேண்டும். பிறகு கொதிநீரை எல்லாக் குழாயிலும் பாய்ச்ச வேண்டும். 'மஷ்கியாஹ்' என்ற கண்காணிப்பாளர் வெப்பமானியோடு நிற்பார். அவர் பார்க்க வேண்டிய இடம் கொதிநீர் புறப்படும் கொதிகலன் அல்ல, அது திரும்பி வரும் முனை. வழியிலே சூடு இறங்கிப்போய், கடைசி வால்வுக்கு வெதுவெதுப்பாகத்தான் வந்து சேரும். டி வடிவ இணைப்புகளில் ஓட்டம் போகாத முட்டுச் சந்துகள் இருக்கும், அங்கே பழைய பாகு பிசுக்காக ஒட்டிக்கிடக்கும். கழற்றிப் பார்க்காமல் அது தெரியாது.

அடுத்தது லாரி. திரவச் சர்க்கரை கொண்டுவரும் டேங்கர் அதற்கு முந்தைய நடையில் என்ன ஏற்றியது, கழுவிய ரசீது எங்கே, சீல் எண் பொருந்துகிறதா என்று பார்ப்பார். பிறகு ஆலையின் மிச்சக் கலவைத் தொட்டி. முந்தைய நாள் மிஞ்சிய பானத்தை வீணாக்காமல் புதிய கலவையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ப்பது பல ஆலைகளில் பழக்கம். பஸ்கா ஓட்டத்தில் அந்தத் தொட்டியின் வால்வைப் பூட்டிச் சீல் வைக்காவிட்டால், நல்ல சர்க்கரையில் செய்த பானத்துக்குள் நேற்றைய மக்காச்சோளப் பாகு வந்து சேரும். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த மாதிரிச் சில்லறை இடங்களில்தான், யாரும் பாகை வாளியில் மொண்டு ஊற்றுவதில்லை.

இனிப்பை மாற்றினால் மட்டும் போதாது. கேரமல் நிறம் சர்க்கரையைக் கருக்கி வருவது, அது மக்காச்சோளச் சர்க்கரையா என்று பார்க்க வேண்டும். வாசனைச் சாரத்தைக் கரைத்திருக்கும் ஆல்கஹால் கோதுமையா, கரும்பா என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் விற்கும் கோக்கில் இனிப்பு சர்க்கரைதான். மெக்ஸிகோ கண்ணாடி பாட்டிலும் கரும்புச் சர்க்கரைக்குப் பேர்போனது. பாகு இல்லையே, பஸ்காவுக்கு ஆகுமே என்று அவற்றை வாங்கிவிட முடியாதது இதனால்தான்.

கடையில் பார்க்க வேண்டியது

வட்டத்துக்குள் யூ என்பது ஆர்த்தடாக்ஸ் யூனியன் என்ற சான்றளிப்பு அமைப்பின் முத்திரை. நட்சத்திரத்துக்குள் கே போன்ற வேறு முத்திரைகளும் உண்டு. சும்மா ஒரு 'கே' எழுத்து மட்டும் இருந்தால் அதை நம்பி முடிவு செய்யக் கூடாது. தனி எழுத்துக்கு யாரும் வணிகமுத்திரை உரிமை வாங்க முடியாது, உற்பத்தியாளர் தானே அச்சிட்டுக்கொள்ளலாம். பின்னால் யார் இருக்கிறார்கள் என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

முத்திரையை ஒட்டி 'டி' இருந்தால் பால் சம்பந்தம். குளிர்பானத்தில் பாலா என்று தோன்றும். சுவிட்சர்லாந்தின் ரிவெல்லா என்ற குளிர்பானம் பால் திரிந்தபின் வரும் தெளிநீரிலிருந்து செய்வதே. இறைச்சிச் சாப்பாட்டோடு அப்படிப்பட்டது ஆகாது. 'பி' இருந்தால் அது பஸ்காவுக்கான பி. பார்வே என்பதன் முதல் எழுத்து என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர்.

மஞ்சள் மூடியைப் பார்த்ததும் எடுத்துக் கூடையில் போட்டுவிட வேண்டாம். எலுமிச்சை வாசனைப் பானங்களுக்கும் மற்றவற்றுக்கும் சாதாரண நாளிலேயே மஞ்சள் மூடி வருவதுண்டு. நிறம் அடையாளத்துக்கு, முடிவு செய்ய வேண்டியது மூடியில் அச்சிட்ட எழுத்தைப் பார்த்து. உணவகத்தில் இயந்திரத்தில் பிடித்துத் தரும் கோக்குக்கு மூடியே கிடையாது. அதன் பின்னால் பெட்டியில் செருகியிருக்கும் பை, பஸ்கா வாரத்திலும் வழக்கமான மக்காச்சோளப் பாகுதான்.